அக்காவுக்குச் செய்த மூக்கு தம்பிக்குப் பொருந்துமா?

கேள்வி: என் வயது 24. கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, நானும் அப்பாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். அக்காவுக்கும் எனக்கும் அச்சு அசல் அப்பாவின் மூக்கு. நடுவில் மேடு, நுனி கீழே இறங்கியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா கோவையில் ஆபரேஷன் செய்துகொண்டாள், மிக நன்றாக வந்திருக்கிறது. நானும் அதே டாக்டரிடம் போய், ‘அக்காவுக்குச் செய்த மாதிரியே செய்துவிடுங்கள்’ என்றேன். ‘அதே மாதிரி உனக்குச் செய்ய மாட்டேன், மேட்டையும் முழுசாக எடுக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டார். ஒரே அப்பா, ஒரே மூக்கு, ஏன் இந்த வித்தியாசம்? பள்ளியில் ஃபுட்பால் ஆடும்போது மூக்கில் அடிபட்டது. அதிலிருந்து இடது பக்கம் சரியாக மூச்சு வராது. மாமா வேறு ‘ஆம்பளைக்கு எதுக்குடா இந்த வேலை’ என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தம்பி, உங்கள் டாக்டர் சொன்னது சரி. கேட்டதும் தலையாட்டாமல் ‘மாட்டேன்’ என்று சொல்கிற ஒருவர் கிடைத்திருக்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஏன் என்பதை உங்களுக்குப் புரிகிற மாதிரி உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். வெளியே இருபது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது அதற்கு நேரம் கிடைத்திருக்காது. அதனால் நான் சொல்கிறேன். நான் குன்னூரில் நோயாளிகளைப் பார்த்து, கோவையில் அறுவை செய்கிறவன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களின் சிரமமும் எனக்குத் தெரியும்.

முதலில் மாமா. அவர் கேட்டது பல வீடுகளில் கேட்கிற கேள்விதான். மூக்கு ஆபரேஷன் என்றால் பெண்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடுகிறோம். சுஸ்ருதர் பெயரில் இருக்கும் பழைய வைத்திய நூலிலேயே, ஒரு இலையை மூக்களவுக்கு வெட்டி, அந்த அளவில் கன்னத்துச் சதையை எடுத்து, அறுபட்ட மூக்கைச் சரிசெய்யும் முறை இருக்கிறது. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புனேயில் புது மூக்கு செய்தார்கள். 1794ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அது படத்தோடு வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற டாக்டர் 1814ல் அதே முறையை லண்டனில் செய்து பார்த்தார். சரி, இவையெல்லாம் மூக்கை இழந்தவர்களுக்கு. எந்தக் காயமும் இல்லாத பெரிய மூக்கைச் சிறிதாக்கிய விஷயத்தில் பெரிய பெயர் பெர்லினில் இருந்த ஜாக் ஜோசப். 1898ல் அவர் அங்கே டாக்டர்கள் முன்னால் விவரித்த நோயாளி ஓர் ஆண். மூக்கை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஜனங்கள் மத்தியில் போவதையே தவிர்த்து வந்தவர். அந்த மனுஷனுக்கு இருந்த வேதனை உங்களுக்கும் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாமாவிடம் இதையெல்லாம் வாதாட வேண்டாம். ‘இடது பக்கம் மூச்சு வரலை, அதைப் பார்க்கப் போறேன்’ என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதானே.

இப்போது மேட்டுக்கு வருவோம். உங்கள் முகத்தைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, இரண்டு கண்களுக்கும் நடுவில் மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து நுனி வரை ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுங்கள். பெண்களுக்கு மூக்குத் தண்டு அந்தக் கோட்டுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் உள்ளே, லேசான குழிவோடு போனால் அழகு என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். நுனிக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன மடிப்பு விழுந்து, அப்புறம் நுனி எழும்பும். அக்காவின் படத்தைப் பாருங்கள், அந்த மடிப்பு தெரியும். ஆணுக்குத் தண்டு அந்தக் கோட்டை ஒட்டியே நேராக வர வேண்டும். ஒரு துளி மேடு இருந்தாலும் உறுத்தாது, பல முகங்களுக்கு அதுதான் களை. மூக்கு தொடங்கும் இடமும் ஆணுக்குக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். நேராக முன்னாலிருந்து பார்த்தால், புருவத்திலிருந்து நுனிக்கு இறங்கும் இரண்டு நிழல் கோடுகள் பெண்ணுக்கு வளைந்து ஒடுங்கி வரும், ஆணுக்கு அகலமாக, கிட்டத்தட்ட நேராக வரும்.

ஆகவே உங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே மேடுதான் என்றாலும், அக்காவுக்கு எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை யோசித்த டாக்டர், உங்களுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதை யோசிக்கிறார். நீங்கள் தேயிலைக்காரர், கவாத்து தெரியும். எந்த உயரத்தில் வெட்டுவது என்று செடியைப் பார்த்துத்தானே முடிவு செய்வீர்கள்? அங்கே ஒரு பிழை நடந்தால் செடி திரும்பத் துளிர்த்து உங்களை மன்னித்துவிடும். மூக்கு எலும்பு துளிர்க்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஊட்டியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார், உங்களைப் போலவே மேடும் இறங்கிய நுனியும். மேட்டை முழுக்க எடுத்து, நுனியைத் தூக்கி வைத்தேன். தியேட்டரில் படுத்திருந்தபோது மூக்கு மட்டும் பார்த்தால் மிக அழகு. மூக்கைத் தனியாகப் பார்த்ததுதான் என் தவறு. ஆறு மாதம் கழித்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பேசும்போதெல்லாம் வலது கையின் விரல்கள் மூக்குக்கு முன்னால் போய் நின்றன. ‘நல்லாத்தான் இருக்கு டாக்டர், ஆனா இது என் முகம் இல்ல’ என்றார். அகன்ற தாடை, கனத்த புருவ எலும்பு, நடுவில் ஒரு சின்னப் பெண்ணின் மூக்கு. அடுத்த வருடம் அவருடைய விலா ஓரத்திலிருந்து குருத்தெலும்பு எடுத்து, நான் சீவி எறிந்ததில் பாதியைத் திரும்பக் கட்டினேன். முதல் ஆபரேஷன் இரண்டரை மணி நேரம், இது நான்கரை மணி நேரம். மறு அறுவை எப்போதும் அப்படித்தான், தழும்பு கட்டிய இடத்தில் வேலை செய்ய வேண்டும். நல்ல கைகளில்கூட நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை மறு அறுவைக்கு வர நேர்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நுனி. மேல் உதட்டுக்கும் மூக்கின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் உள்ள கோணத்தை அளப்போம். ஆண்களுக்குக் கிட்டத்தட்ட 90 முதல் 95 டிகிரி, பெண்களுக்கு 95 முதல் 110 வரை. அக்காவின் நுனியைத் தூக்கிய அளவுக்கு உங்களுடையதைத் தூக்கினால் எதிரில் நிற்பவருக்கு உங்கள் மூக்குத் துவாரங்கள் தெரியும். உங்கள் நுனி இறங்கியிருப்பதால் கொஞ்சம் ஏற்றலாம், 90ஐத் தொட்டால் போதும்.

இங்கே மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் இது அதிகம் இருக்காது, நம் ஊர் ஆண்களுக்கு இது முக்கியம். அடர்த்தியான மீசை அந்தக் கோணத்தை மறைத்து, நுனி இன்னும் இறங்கியிருப்பது போலக் காட்டும். மீசை வைத்துக்கொண்டு அளந்து ஆபரேஷன் செய்துவிட்டு, பிறகு மழித்தால் மூக்கு வேறு மாதிரி தெரியும். என்னிடம் வருகிற ஆண்களை மீசையோடு ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை படம் எடுக்கச் சொல்வேன். நீங்கள் காலம் முழுக்க மீசை வைப்பவரா இல்லையா என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எப்படியும் ஆபரேஷன் நாளில் ஓரளவு கத்தரிக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பிளாஸ்திரி ஒட்டாது.

தாடையையும் பார்க்கச் சொல்லுங்கள். தாடை உள்ளே போயிருந்தால் சாதாரண மூக்கும் பெரிதாகத் தெரியும். ஆண் முகத்துக்குத் தாடை உதட்டுக்கு நேராக வர வேண்டும், பெண் முகத்துக்குச் சற்று உள்ளே இருந்தாலும் குறையில்லை. அதனால் அக்காவிடம் பேசாத தாடைப் பேச்சை உங்களிடம் பேசலாம்.

தோல், எலும்பு, ரத்தம் மூன்றிலும் வித்தியாசம் உண்டு. ஆண்களின் மூக்குத் தோல் பொதுவாகத் தடிப்பு, எண்ணெய்ப் பசை அதிகம். அடியில் குருத்தெலும்பை எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கினாலும் கம்பளிக்கு அடியில் வைத்த மாதிரி மங்கலாகத்தான் தெரியும், வீக்கமும் மெதுவாக வடியும். அக்காவுக்கு ஆறு மாதத்தில் தெரிந்த வடிவம் உங்களுக்கு ஒரு வருடம் தாண்டியும் ஆகலாம். மூன்றாம் மாதமே ‘எனக்கு மட்டும் சரியா வரலை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆண்களின் எலும்பு கனம். மேட்டை எடுத்த பிறகு இரண்டு பக்க எலும்பையும் பிளந்து உள்ளே நகர்த்தி இடைவெளியை மூட வேண்டும், அப்போது கண் அடியில் கறுப்பு அதிகம் படியும். ரத்தக் கசிவும் ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். சிகரெட், பீடி, வாயில் அடக்கும் புகையிலை எதுவாக இருந்தாலும் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த இடது பக்க மூச்சுதான். ஆண்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். பெண்கள் ‘டாக்டர், இந்த மேடு வேண்டாம்’ என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். ஆண்கள் சிலர் மூச்சைக் காரணம் காட்டி வடிவத்தை மறைப்பார்கள், சிலர் வடிவத்தை மட்டும் பேசி மூச்சை மறந்துவிடுவார்கள். அடிபட்ட மூக்கில் நடுத்தண்டு, அதாவது இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் உள்சுவர், வளைந்திருக்கலாம். ஒரு சின்னப் பரிசோதனை வீட்டிலேயே செய்து பாருங்கள். இடது கன்னத்தில், மூக்கை ஒட்டி இரண்டு விரல்களை வைத்து, தோலை மெல்ல வெளிப்பக்கம் இழுங்கள். வாயை மூடிக்கொண்டு மூச்சு இழுங்கள். சட்டென்று காற்று தாராளமாகப் போனால், மூக்கின் உள்ளே இருக்கும் குறுகலான வாசல் அமுங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். மாற்றமே இல்லை என்றால் நடுத்தண்டு வளைவோ, உள்சதை வீக்கமோ காரணமாக இருக்கலாம். முடிவாகச் சொல்ல டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டும். தேயிலைத் தூசி, விறகுப் புகை, பனி மூட்டம் இருக்கும் இடத்தில் வாழ்பவர்களுக்கு அலர்ஜியும் உண்டு. அதை மருந்தால் முதலில் அடக்கிப் பார்க்க வேண்டும்.

அந்த வாசல் பற்றி இன்னும் கொஞ்சம். நடுத்தண்டுக்கும் மூக்கின் பக்கச் சுவருக்கும் நடுவில் 10 முதல் 15 டிகிரி கோணம்தான் அது. நாம் இழுக்கும் காற்று மூக்கில் அதிகம் நெருக்கப்படுவது அங்கேதான். மேட்டை அளவுக்கு மீறி எடுத்தாலோ, பக்க எலும்புகளை அதிகம் நெருக்கிவிட்டாலோ அந்தக் கோணம் இன்னும் குறுகிவிடும். மூக்கு போட்டோவில் ஒல்லியாகத் தெரியும், ராத்திரி வாயைத் திறந்து தூங்க வேண்டியிருக்கும். மூட்டை தூக்கி மேடு ஏறுகிற உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஏற்கெனவே ஒரு பக்கம் அடைத்திருக்கிற மூக்கில் உங்கள் டாக்டர் மேட்டை முழுக்க எடுக்க மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நடுத்தண்டு வளைவையும் வடிவத்தையும் ஒரே மயக்கத்தில் சரிசெய்யலாம். நடுத்தண்டிலிருந்து எடுக்கும் குருத்தெலும்பையே சிறு பட்டையாகச் சீவி அந்த வாசலுக்கு முட்டுக் கொடுப்போம்.

நான் மேலே சொன்ன டிகிரி, மில்லிமீட்டர் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய முகங்களை வைத்து எழுதியவை. நம் முகங்களுக்கு மூக்கு கொஞ்சம் அகலமாக இருப்பது இயல்பு. அதையும் ஒடுக்கி வையுங்கள் என்று கேட்காதீர்கள், முகத்தோடு ஒட்டாது. ‘மூக்கும் முழியுமா இருக்கான்’ என்று நம் ஊரில் சொல்வது ஒல்லி மூக்கைப் பார்த்து இல்லை. பெண்களிலும் எல்லோருக்கும் குழிவான சின்ன மூக்கு பொருந்தாது. மூக்குத்தி போட்டால் எடுப்பாக இருக்கும் கம்பீரமான மூக்கை நானே தொட மறுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருநங்கைகள் என்னிடம் வரும்போது நான் உங்களுக்கு வேண்டாம் என்று சொல்கிற அதே குழிவையும் அதே ஏற்றத்தையும் அவர்களுக்குக் கவனமாகச் செய்கிறேன். யார் எப்படித் தெரிய விரும்புகிறார்கள் என்பதைக் கேட்டுத்தான் அந்தக் கணக்கை எடுக்க வேண்டும்.

போனில் செல்ஃபி எடுத்து ஆப்பில் மூக்கைத் திருத்தி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இப்போது எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் எடுக்கும் படத்தில், ஐந்து அடியிலிருந்து எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்து மூக்கை வெறுக்காதீர்கள். வேறு யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை நேர்மையாக உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை கண்ணாடி பார்க்கிறீர்கள்? மூக்கினால் கல்யாண வீடுகளுக்குப் போகாமல், வேலைக்குப் போகாமல் இருக்கிறீர்களா? மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத குறையை மணிக்கணக்கில் யோசிக்கிறீர்களா? அப்படி என்றால் கத்திக்கு முன்னால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த வேதனை பெரும்பாலும் ஆபரேஷனால் போகாது. உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை, இருந்தாலும் கேட்பது என் கடமை.

இனி மலை விஷயம். டாக்டர் காலையில் டிஸ்சார்ஜ் எழுதினால் மாலையே வீட்டுக்கு ஏறிவிட நினைப்பீர்கள். வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை அத்தனை வளைவு. மூக்கில் பஞ்சு, வாயில் மூச்சு, வயிற்றில் மயக்க மருந்தின் குமட்டல். வளைவில் வாந்தி எடுத்தால் தலையில் அழுத்தம் ஏறி ரத்தம் உடைத்துக்கொள்ளும். நடுராத்திரி ரத்தம் வந்தால் திரும்ப இறங்குவதற்குள் என்ன பாடு! சுமார் ஒரு வாரத்தில் மேல் கவசத்தை எடுப்பார்கள், அதுவரை கோவையில் சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். அக்கா துணைக்கு வரட்டும், அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஊருக்குப் போன பிறகு தலையை உயர்த்தி இரண்டு மூன்று தலையணையில் படுங்கள். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். தலை வழியாகப் போடும் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் வேண்டவே வேண்டாம், முன்னால் ஜிப் வைத்த ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் மாட்டும்போது மூக்கைத் தேய்த்துக்கொண்டு இறங்கும், ஆறு வாரம் பைக்கைத் தொடாதீர்கள். வெந்நீர் அடுப்பு ஊதும் வேலை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். கொழுந்து மூட்டை நான்கு வாரத்துக்குத் தோளில் ஏறக் கூடாது. ஃபுட்பால் மூன்று மாதம் கழித்து. மலையில் வெயில் உறைக்காது, ஆனால் உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. மூக்கில் சன்ஸ்கிரீன் தடவாமல் தோட்டத்தில் நிற்காதீர்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் மூக்கு காய்ந்து பொருக்குத் தட்டும் என்பதால் அந்த இரண்டு மாதத்தையும், மண் சரிவில் பாதை அடைபடும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் விட்டுவிட்டு நாள் குறியுங்கள். கொழுந்து குறைவாக வரும் சமயமாகப் பார்த்தால் அப்பாவுக்கும் சிரமம் இல்லை.

செலவைப் பற்றி: வடிவத்துக்கு மட்டும் செய்வதற்குக் காப்பீடு பணம் தராது. அடிபட்டதால் வந்த மூச்சுத் தடையைச் சரிசெய்யும் பகுதிக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘கத்தி வேண்டாம், ஒரு ஊசியில் மேட்டைச் சமன் செய்கிறோம்’ என்று சொல்லும் அழகு நிலையங்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். மூக்கில் ஊசியால் ஏற்றும் ஃபில்லர் என்கிற அந்த ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வை பறிபோனவர்கள் இருக்கிறார்கள். எம்.சிஎச். என்ற மேற்படிப்பில் பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவரா, அல்லது மூக்கு அறுவையில் பழகிய காது மூக்கு தொண்டை நிபுணரா என்று பார்த்துப் போங்கள். உங்களுக்கு அந்தத் தேடல் தேவையில்லை, டாக்டர் இருக்கிறார்.

அவரிடம் மறுபடி போகும்போது அக்காவின் படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பழைய ஆல்பத்தில் அப்பா உங்கள் வயதில் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற போட்டோ ஒன்றாவது இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் மேட்டை எதுவரை எடுப்பது என்று டாக்டர் பென்சிலால் கோடு போடும்போது, அது பக்கத்தில் இருக்கட்டும்.